எண்ணுவதற்கு முன் கற்றுக்கொடுங்கள்: ஸ்கிப்பிங் குறித்துப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், தொடக்க வகுப்புகளில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் 26 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பித்து வருகிறேன். இந்த மடலில் நான் பேச விரும்புவது ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அலமாரியின் மூலையில், ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கிறதே, அந்த ஸ்கிப்பிங் கயிற்றைப் பற்றி. அதை நாம் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே எடுக்கிறோம். உடல்திறன் தேர்வுக்காக ஒருமுறை, விளையாட்டு விழாவுக்காக ஒருமுறை. இரண்டு தடவையும் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுகிறோம். இடைப்பட்ட மாதங்களில் அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. ஓடத் தெரிந்த பிள்ளைக்குக் கயிறு தாண்டவும் தானாகவே வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். எழுத்தைச் சொல்லித்தராமலே கட்டுரை எழுதச் சொல்லி மதிப்பெண் போடும் ஆசிரியரை நாம் யாரும் ஏற்கமாட்டோம்; ஸ்கிப்பிங் விஷயத்தில் நாம் செய்துவருவது அதைத்தான்.

என் வேண்டுகோள் இதுதான். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் ஸ்கிப்பிங்கை ஒரு பாடமாகப் படிப்படியாகக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுத்து முடிக்கும்வரை எண்ணாதீர்கள். கற்றபின், வாரத்தில் ஒருநாள் களைத்துப்போகும்வரை தாண்டவிடுவதை விட்டு, நாள்தோறும் சில நிமிடங்கள் தாண்டவிடுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத் தேர்வு நடத்தினேன். ஒவ்வொருவராக முன்னால் வந்து தாண்டவேண்டும். நான் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் முறை வந்தது. அவள் கையில் இருந்த நைலான் கயிறு தரையில் இரண்டு சுருளாகக் கிடக்கும் அளவுக்கு நீளமானது. நான் விசில் ஊதியதும், தோளிலிருந்து முழுக்கையையும் வீசிக் கயிற்றைத் தலைக்கு மேல் கொண்டுவந்தாள். அது சுளீரென்று அவளுடைய முன்னங்காலில் பட்டுச் சிவப்புக் கோடு போட்டது. மறுபடி வீசினாள், மறுபடி பட்டது. ஒரு நிமிடம் முடிந்தபோது அவள் தாண்டியிருந்தது நான்கு. நான் நான்கு என்று எழுதினேன். வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள். அடுத்த வாரம் உடற்கல்விப் பாடவேளையில் அவள் என்னிடம் வந்து, வயிறு வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரமும் வலித்தது. நான்காவது வாரத்தில்தான் அந்த வலியைக் கொடுத்தது நான் என்பது எனக்கு உறைத்தது.

அன்று நடந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். முதல் தவறு கயிற்றில் இருந்தது. அது பெரியவர்களுக்கான கயிறு. ஒரு பிள்ளைக்கு ஏற்ற நீளம் எது என்று அறிவதற்கு அளவு நாடா எதுவும் வேண்டாம். கயிற்றின் நடுவில் ஒரு காலை ஊன்றி நின்று இரு கைப்பிடிகளையும் நேராக மேலே இழுத்தால் அவை அக்குள் வரை வரவேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அதைவிட ஓரிரு விரற்கடை கூடுதலாக இருந்தாலும் பழுதில்லை. தோளைத் தாண்டிப் போனால் அது அந்தப் பிள்ளைக்கான கயிறன்று. கயிறு நீளமாக இருந்தால் தரையில் இழுபடும். இழுபடாமல் இருப்பதற்காகப் பிள்ளை தன்னையறியாமல் கைகளைப் பக்கவாட்டில் விரிக்கும். கைகள் விரிய விரியக் கயிற்றின் வளைவு மேலேறும். அதுவும் இரண்டு கைகளும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் வளைவு ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறும். அது காலில் தட்டத்தான் செய்யும். கயிறு குட்டையாக இருந்தாலோ, பிள்ளை குனிந்துகொண்டு முழங்காலை நெஞ்சுவரை மடக்கித் தாண்ட வேண்டியிருக்கும். பத்து தாண்டலுக்குள் மூச்சு முட்டிவிடும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் நாற்பது உயரத்தில் இருக்க, ஒரே நீளத்தில் ஒரு கட்டுக் கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டு, தாண்ட முடியாதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவந்தோம்.

இரண்டாவது, அவளுக்குக் கயிற்றை எங்கிருந்து சுற்றவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க, கைகள் இடுப்பு உயரத்தில் சற்று முன்தள்ளி இருக்க, மணிக்கட்டு மட்டும் சிறு வட்டமாகச் சுழலவேண்டும். பழகிய பிள்ளை தாண்டும்போது கூர்ந்து பாருங்கள். கை அசைவதே தெரியாது. மூன்றாவது, எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பது. கயிற்றின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினாலே அது காலடியில் போய்விடும். காலில் அடிபடுமோ என்று பயந்த பிள்ளை ஒரு சாண் உயரம் குதிக்கும், அல்லது காலைப் பின்னால் உதைத்து மடக்கும். இறங்கும்போது தொப்பென்று முழுப்பாதமும் தரையில் விழும். முன்பாதம் முதலில் தொட்டு, முழங்கால் சற்று மடங்கிக்கொடுத்து, சத்தமில்லாமல் இறங்கவேண்டும். நான் இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் ‘எனக்குக் கேட்காமல் இறங்குங்கள்’ என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லில் முழங்காலும் கணுக்காலும் தாமாகவே சரியாகிவிடுகின்றன.

வயதையும் இங்கே கணக்கில் கொள்ளவேண்டும். ஏறத்தாழ இரண்டு வயதில் குழந்தை இரு காலாலும் சேர்ந்து குதிக்கத் தொடங்குகிறது. நான்கு வயது வாக்கில் ஒற்றைக்காலில் சில தப்படி நொண்டுகிறது. கயிறு தாண்டுவது இவற்றைவிடக் கடினமானது; கை ஓயாமல் வட்டமடிக்க, கால் அந்த வட்டத்தின் ஒரு புள்ளியில் மட்டும் தரையைவிட்டு எழும்பவேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதில் கைகூடுகிறது. சிலருக்கு எட்டு ஆகிறது. அதற்கு மேலும் சற்றுத் தாமதமானால் அதிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாண்ட வரவில்லை என்றால் அது வகுப்பின் குறையன்று, வயதின் இயல்பு.

நான் அந்தச் சிறுமியிடம் திரும்பிப் போய், முதலிலிருந்து தொடங்கினேன். முதல் வாரம் கயிறே கிடையாது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கைதட்டலுக்கு ஏற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லக் குதிக்கச் சொன்னேன். காதில் விழும் தாளமும் காலில் எழும் துள்ளலும் ஒன்றாவதற்கு அதுவே போதும். இரண்டாவது வாரம், ஒரு கயிற்றின் இரு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்து, உடலுக்குப் பக்கத்தில் சக்கரம்போலச் சுற்றச் சொன்னேன். கயிறு தரையைத் தட்டும்போதெல்லாம் டக், டக் என்று கேட்கும். அந்தச் சத்தத்திற்கு ஒரு துள்ளல். கயிறு காலடியில் வராததால் பயம் இல்லை. வலக்கையில் இது வந்தபின் இடக்கைக்கு மாற்றவேண்டும். பல பிள்ளைகளுக்கு இடக்கை வட்டம் முட்டை வடிவமாக நெளியும், அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஏனென்றால் பின்னால் கயிறு ஒருபக்கம் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடக்கைதான்.

மூன்றாவது வாரம் கயிறு இரண்டு கைக்கும் வந்தது. ஆனாலும் குதிக்கச் சொல்லவில்லை. கயிற்றைக் குதிகாலுக்குப் பின்னால் தொங்கவிட்டு, தலைக்கு மேலாக முன்னே கொண்டுவந்து, அது தரையில் விழுந்ததும் காலின் முன்பகுதியால் மிதித்து நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். கயிறு தன்னிடம் வரும்போது அதை நிறுத்தத் தனக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தைரியம் வருகிறது. முன்னங்காலில் பட்ட அந்தச் சிவப்புக் கோட்டின் நினைவு இந்தப் படியில்தான் மறைகிறது. அதன்பின் மிதிப்பதற்குப் பதிலாக மெல்லத் தாண்டி, நின்றுவிடவேண்டும். ஒன்று, நிறுத்தம். ஒன்று, நிறுத்தம். பிறகு இரண்டு, நிறுத்தம். ஆறாவது வாரத்தில் அவள் நிற்காமல் பதினொன்று தாண்டிவிட்டு, கயிறு தட்டியதும், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த சுற்றைத் தொடங்கினாள். நான் அந்தப் பதினொன்றைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கற்கும் பிள்ளைகள் பலர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துள்ளுவார்கள். கயிறு காலடியில் போகும்போது ஒன்று, அது தலைக்கு மேல் இருக்கும்போது சிறியதாக இன்னொன்று. இதைத் தவறு என்று கண்டிக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகச் சுற்றும் கையோடு கால் ஒத்துப்போவதற்குப் பிள்ளை தானே கண்டுபிடித்த வழி அது. கை வேகம் கூடும்போது இடைத்துள்ளல் தானாகவே உதிர்ந்துவிடும். அதுவரை விட்டுவிடுங்கள்.

கயிற்றின் வகையைப் பற்றியும் சொல்லவேண்டும். மெல்லிய கம்பிக் கயிறு போட்டிக்கு வேகமாகச் சுற்றும். கற்கும் பிள்ளைக்கு அது ஆகாது, பட்டால் கடுமையாக வலிக்கும். பருத்திக் கயிறு பட்டால் வலிக்காது, ஆனால் எடை போதாமல் காற்றில் தொய்ந்துவிடும். நூல்கயிற்றில் பிளாஸ்டிக் மணிகள் கோத்து வருகிறதே, அந்த மணிக்கயிறுதான் கற்பதற்கு ஏற்றது என்பது என் அனுபவம். அதற்குப் போதிய எடை உண்டு, வளைவு கலையாது, தரையில் தட்டும்போது தெளிவாக ஒலிக்கும், முடிச்சுப்போட்டுக் குட்டையாக்குவதும் எளிது. தரையைப் பொறுத்தவரை மரத்தளம், ரப்பர் விரிப்பு ஆகியவை நல்லவை; கெட்டியான சமதரை மண்ணும் பரவாயில்லை. புல்லில் கயிறு சிக்கும். சிமென்ட் தரையைத் தவிர வேறு இடமே இல்லாத பள்ளிகள் பல உண்டு. அங்கே காலணி இல்லாமல் தாண்டவிடாதீர்கள், நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இரு பிள்ளைகளுக்கு நடுவே, இருவரும் கையை நீட்டினாலும் கயிறு மற்றவர் முகத்தில் படாத இடைவெளி வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர்கள் கேட்கலாம். பாடவேளைகளைப் பங்கிடும் பொறுப்பு அவர்களுடையது, கேட்பது முறைதான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமாகும் அளவுக்கு உடலியக்கம் வேண்டும். அதில் வாரத்திற்குக் குறைந்தது 3 நாட்கள் தீவிரமான இயக்கமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் இயக்கமும் இடம்பெற வேண்டும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை. சிறுவர்களில் 78 விழுக்காடு, சிறுமிகளில் 85 விழுக்காடு. ஸ்கிப்பிங் இந்த மூன்று தேவைகளையும் ஒரே இடத்தில் நின்றபடி நிறைவேற்றுகிறது. பெரியவர்களிடம் அளந்த கணக்குப்படி, நிமிடத்திற்கு 100-க்கும் குறைவாக மெதுவாகத் தாண்டினாலே, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலைப்போல் ஒன்பது மடங்கு அளவுக்குச் செலவாகிறது. 100 முதல் 120 வரை தாண்டினால் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதும் ஏறக்குறைய பத்து மடங்குதான். பெரிய மைதானம் இல்லாத பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் அறியேன்.

எலும்பைப் பற்றிய செய்திதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மனிதர் வாழ்நாளில் எட்டக்கூடிய உச்ச எலும்பு நிறையில் 90 விழுக்காடு வரை பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. முதுமையில் இடுப்பெலும்பு முறியாமல் காக்கப்போகும் கையிருப்பு, நம் வகுப்பறைகளில் இருக்கும் ஆண்டுகளில்தான் சேர்கிறது. எலும்பு வளர்வதற்கு வேண்டியது குறுகிய, கூர்மையான தாக்கம். குதித்து இறங்கும்போது கிடைப்பது அது. ஆனால் விலங்குகளிடம் செய்த சோதனைகளில், ஒரே மாதிரியான தாக்கம் சில பத்து முறை தொடர்ந்து வந்தால் எலும்பு அதற்குப் பழகி, மேற்கொண்டு வருவதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்றும், சில மணிநேர இடைவெளி விட்டால் மீண்டும் உணரத் தொடங்குகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கனடாவில் நடந்த ஒரு பள்ளி ஆய்வு இந்தக் கருத்தை ஒட்டி அமைந்தது. பள்ளி மணி அடிக்கும் வேளைகளில், நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்தே பத்துக் குதிப்புகள், அதுவும் கயிறில்லாமல். நாளுக்கு மொத்தம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். எட்டு மாதம் கழித்து அளந்தபோது, வழக்கமான வகுப்பில் இருந்த பிள்ளைகளைவிட இவர்களுடைய இடுப்புப் பகுதி எலும்பில் தாதுச்சத்து கூடுதலாகச் சேர்ந்திருந்தது. சிறிய ஆய்வுதான், எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆயினும் வாரத்திற்கு ஒரு பாடவேளையில் நாற்பது நிமிடம் தாண்டவிட்டு மற்ற நாட்களில் உட்காரவைப்பதைவிட, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தாண்டவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு நல்ல சான்று.

நடைமுறையில் இது எளிது. காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் நான்கு நிமிடம், பிற்பகல் இடைவேளையின் கடைசியில் நான்கு நிமிடம் போதும். பதினைந்து முதல் இருபது விநாடி தாண்டல், அதேயளவோ இருமடங்கோ ஓய்வு, இப்படி மாறிமாறி. தொடர்ந்து ஐந்து நிமிடம் தாண்டுவது பழக்கமில்லாத பெரியவருக்கே கடினம். அதைப் பிள்ளைகளிடம் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி, கடிகாரத்தைப் பற்றி. சீனாவில் 2014-இல் திருத்தப்பட்ட மாணவர் உடல்திறன் தரநிலையில், ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஒரு நிமிட ஸ்கிப்பிங் மதிப்பெண்ணுக்குரிய ஒரு தேர்வு. முழு மதிப்பெண்ணைக் கடந்து தாண்டுபவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. கோடிக்கணக்கான பிள்ளைகள் கையில் அது கயிற்றைக் கொண்டுசேர்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்பிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் தேர்வை மட்டும் கொண்டுவந்தால், ஏற்கெனவே தாண்டத் தெரிந்தவர்கள் இன்னும் வேகமாகத் தாண்டுவார்கள். தெரியாதவர்கள் வயிற்றுவலியோடு ஒதுங்குவார்கள். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால், பிள்ளைகளே தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே எண்ணி, போன வாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். அதை உரக்கப் படிக்கவோ, சுவரில் ஒட்டவோ வேண்டாம். தாண்டும்போது மற்றவர்களை உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவிடுவதையும் நிறுத்திவிடுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தாண்டிக்கொண்டிருந்தால் யார் தட்டினார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

போட்டி வேண்டும் என்பவர்களுக்கு நீளக்கயிறு இருக்கிறது. இருவர் சுற்ற ஒருவரோ பலரோ உள்ளே புகுந்து தாண்டுவது. இதில் தாண்டுபவருக்கு உள்ள வேலையைவிடச் சுற்றுபவர்களுக்கு உள்ள வேலை நுட்பமானது. உள்ளே இருப்பவரின் காலைப் பார்த்துக் கையைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். இரண்டு நீளக்கயிறுகளை எதிரெதிராகச் சுற்றி ஆடும் ‘டபுள் டட்ச்’ ஆட்டத்தை நியூயார்க் நகரத் தெருக்களில் சிறுமிகள் நெடுங்காலமாக ஆடிவந்தார்கள். டேவிட் வாக்கர் என்ற காவல்துறைத் துப்பறிவாளர், தம் சக அலுவலர் யுலிசிஸ் வில்லியம்ஸுடன் சேர்ந்து 1973-இல் அதற்கு விதிகள் வகுத்தார்; 1974-இல் நடந்த முதல் போட்டியில் ஏறத்தாழ 600 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மெதுவாகத் தாண்டும் பிள்ளைக்கும் நல்ல சுற்றாளராக அணியில் இடம் உண்டு என்பதால் எனக்கு இந்த ஆட்டத்தின்மேல் தனிப் பற்று. என் வகுப்பில் தாண்டவே விரும்பாத ஒரு சிறுவன், நீளக்கயிற்றின் ஒரு முனையை இரண்டு மாதம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் முனையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்தான். தாளம் அதற்குள் அவன் உடம்பில் ஊறியிருந்தது.

ஸ்கிப்பிங்கைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தாமதமாக வந்தவனை நூறு தாண்டச் சொல்வதும், வீட்டுப்பாடம் எழுதாதவளை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தித் தாண்டவைப்பதும் இன்றும் நடக்கின்றன. உடலை வருத்துவது தண்டனை என்று நாம் கற்றுக்கொடுத்துவிட்டால், பிறகு அதே உடலியக்கத்தை வாழ்நாள் முழுவதும் விரும்பிச் செய் என்று சொல்ல நமக்கு வாய் ஏது? அதற்கு நேர்மாறான இன்னொரு தண்டனையும் உண்டு. கணக்கு முடிக்காதவர்களை விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பிலேயே உட்காரவைப்பது. அதையும் தலைமையாசிரியர்கள் தடுக்கவேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஆசிரியைகளும் ஆசிரியர்களும் ஒருங்கே கேட்கவேண்டிய ஒன்று. ஐந்தாம் வகுப்புவரை ஆண்பிள்ளைகளைவிட நன்றாகத் தாண்டிய சிறுமிகள், ஏழாம் வகுப்பில் கயிற்றைத் தொடுவதே இல்லை. பருவமடைந்தபின் குதித்தால் கருப்பை இறங்கிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆரோக்கியமான சிறுமி கயிறு தாண்டுவதால் அப்படி எதுவும் நேர்வதில்லை. மாதவிடாய் நாட்களில் வலி இருந்தால் ஓய்வெடுக்கலாம், இல்லாவிட்டால் தாண்டலாம். அந்த முடிவு அவளுடையதாக இருக்கட்டும். ஆனால் பல சிறுமிகள் விலகுவதற்கு உண்மையான காரணம் இதுகூட இல்லை. குதிக்கும்போது உடல் அசைவதை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம், பாவாடையோ தளர்ந்த உடையோ தூக்கிக்கொள்ளுமோ என்ற பயம், உடலைப் பற்றிப் பிடிக்கும் உள்ளாடை இல்லாததால் மார்பில் ஏற்படும் வலி ஆகியவைதான். இதை வெளிப்படையாக என்னிடம் சொன்ன மாணவிகள் மிகச் சிலர். அவர்கள் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். விளையாட்டுக்கு ஏற்ற கால்சட்டையை அனுமதிப்பதும், பார்வையாளர்கள் இல்லாத ஓரிடத்தை ஒதுக்குவதும், தாய்மார்களிடம் உள்ளாடையைப் பற்றி ஓர் ஆசிரியை பேசுவதும் பள்ளியால் செய்ய முடியாதவை அல்ல.

வலி என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். வேகமாக உயரும் வயதில், ஏறத்தாழ எட்டு முதல் பதினான்கு வரை, எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மென்மையாக இருக்கும். அவற்றின்மேல் தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலோ குதிகாலின் பின்புறத்திலோ வலி வரும். மருத்துவர்கள் முன்னதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றும் பின்னதை செவர் என்றும் சொல்வார்கள். இரண்டும் பெரும்பாலும் தாண்டலைக் குறைத்து ஓய்வு கொடுத்தாலே தணிபவை. வலியோடு தாண்டவைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. மெதுவான துள்ளலில் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டவேண்டும், மருத்துவர் தந்த இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். உடல் எடை கூடிய பிள்ளைக்கு இறங்கும்போது காலில் விழும் சுமையும் அதிகம் என்பதால், தரையில் கிடத்திய கயிற்றைக் கடந்து செல்வதிலும் பக்கவாட்டுச் சுழற்சியிலும் நீண்ட நாள் இருக்கவிடுங்கள். எடை குறைப்பதற்காக நீ தாண்டு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன அன்றே அந்தப் பிள்ளையை இழந்துவிடுவோம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு மணிக்கயிற்றின் ஒலியே வழிகாட்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை நீளக்கயிற்றைச் சுற்றலாம். அந்த வேலையின் மதிப்பை முன்பே சொன்னேன்.

பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, தாண்டினால் பிள்ளை உயரமாவானா என்பது. உயரம் பெற்றோரிடமிருந்து வரும் மரபாலும் ஊட்டத்தாலும் ஹார்மோன்களாலும் அமைவது. கயிறு தாண்டுவதால் எலும்பு உறுதிப்படும். அது உயரத்தைக் கூட்டும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கயிற்றை விற்பவர்கள் அப்படிச் சொன்னாலும், ஆசிரியர்களாகிய நாம் சொல்லக்கூடாது.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது, காலையிலும் பிற்பகலிலும் அந்த நான்கு நான்கு நிமிடங்களைக் கால அட்டவணையில் எழுதிவைப்பதும், அடுத்த முறை கயிறு வாங்கும்போது ஒரே நீளத்தில் வாங்காமல் மூன்று நான்கு நீளங்களில் மணிக்கயிறாக வாங்குவதும், முதல் பருவம் முடியும்வரை ஸ்கிப்பிங்குக்கு மதிப்பெண் கேட்காமல் இருப்பதும். உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த பாடவேளையில் அலமாரியில் இருக்கும் கயிறுகளின் சிக்கலை எடுத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கயிற்றின் நடுவில் நிற்கவைத்து, கைப்பிடி அக்குள்வரை வருகிறதா என்று பாருங்கள். நீளமானவற்றில் கைப்பிடிக்கு அடியில் முடிச்சுப் போடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளை ஆகும். அன்றைக்கு யாரையும் தாண்டச் சொல்லவேண்டாம்.

அன்புடனும் மதிப்புடனும்,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்